எட்டாவது முறை சொன்னது

செவ்வாய், பிற்பகல் 2.20. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில், உருளைகளுக்கிடையே ஓடிக்கொண்டிருந்த, பழுக்கக் காய்ச்சிய கம்பி தடம் மாறி வெளியே சீறியது. இடுக்கி பிடித்து நின்ற ஏகாம்பரம், வயது ஐம்பத்தாறு, ஆரம்பாக்கம், வயிற்றில் துளைக்கப்பட்டு அங்கேயே இறந்தார்.

செவ்வாய், மாலை 5.00. உடல் அரசு மருத்துவமனைப் பிணவறைக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

புதன், முற்பகல். இறந்தவரின் அண்ணன், ஜெர்மனியில் டூயிஸ்பர்க் நகரில் வசிப்பவர், விமானம் ஏறினார்.

வியாழன், காலை 8.30. அண்ணன் பிணவறைக்கு வந்து சேர்ந்தார்.

வியாழன், 11.40. ஆலையின் பாதுகாப்பு அலுவலர் தினேஷ், வயது இருபத்தாறு, வள்ளூர், ஒரு ரோஜா மாலையும் ஒரு கோப்பும் எடுத்துக்கொண்டு தனியாக வந்தார்.

வியாழன், 12.10. தினேஷ் அதே மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டார். இடது கண் இழப்பு. தாடையில் இரண்டு இடங்களில் முறிவு.

வியாழன், மாலை 4.00. ஏகாம்பரத்தின் உடல் எரியூட்டப்பட்டது.

வெள்ளி, காலை. ஏகாம்பரத்தின் மகன் பாலாஜி, வயது இருபத்து நான்கு, வேறு மூவருடன் கைது செய்யப்பட்டார்.

இந்தக் குறிப்பை எழுதியவன் நான். அதில் வரும் அண்ணனும் நான்தான். உலோகங்கள் எப்படி வளைகின்றன, எந்த அளவில் முறிகின்றன என்பதை முப்பத்து நான்கு ஆண்டுகள் ஜெர்மன் மாணவர்களுக்குக் கற்பித்து ஓய்வு பெற்றவன். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுவது எனக்குக் கைவந்த வேலை. குறிப்பில் பொய் எதுவும் இல்லை. ஆனால் 11.40க்கும் 12.10க்கும் இடையே அரை மணி நேரம் அதில் இல்லை. ஊரில் இருப்பவர்களும், என்னைப்போல் ஊரை விட்டு வந்து எங்கோ முதுமையடைந்தவர்களும் படிக்கும் இந்த இதழில் அந்த அரை மணியை எழுத வேண்டியிருக்கிறது. அதற்கு முன் ஒரு ரொட்டிக் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இந்நாட்டில் ரொட்டிக் கடைக்குள் நுழைந்தால் 'ஸீ வுன்ஷன்?' என்று கேட்பார்கள். நீங்கள் விரும்புவது என்ன என்று பொருள். முப்பத்து நான்கு ஆண்டுகளாகக் கேட்டும் அந்தக் கேள்வி எனக்குள் ஒரு சிறு கூச்சத்தை உண்டாக்காத நாள் இல்லை. ஆரம்பாக்கத்து ரயில் நிலையத்தருகே டீக்கடையில் பலகையில் உட்கார்ந்தால் டீ வரும். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் உன்னை அடையாளம் தெரியவில்லை என்று அர்த்தம். தம்பியை எரித்துவிட்டுத் திரும்பிய மூன்றாவது வாரம், ஒரு சனிக்கிழமைக் காலையில், அந்தக் கேள்விக்கு 'எதுவானாலும் சரி' என்றேன். கடைப் பெண்மணி சிரித்தார். அப்படி ஒரு ரொட்டி தம்மிடம் இல்லை என்றார். எள் தூவியதா, கசகசா தூவியதா, ஒன்றுமே தூவாததா? எனக்குப் பின்னால் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். அவர் மூன்றாம் முறை கேட்டபோது என் வலக்கை முட்டி, சில்லறை வைப்பதற்காக மேசைமேல் இருக்கும் கண்ணாடித் தட்டின்மேல் இறங்கியது. தட்டு உடைந்தது. உடைந்த சில்லுகளின்மேல் மேலும் இரண்டு முறை குத்தினேன். வலி தெரியவில்லை; இன்னும் குத்த வேண்டும் என்று மட்டும் இருந்தது. அந்தப் பெண்மணி பின்வாங்கவில்லை. ரொட்டி சுற்றும் துணியால் என் கையைக் கட்டிக்கொண்டே, நான் யாரை அழைக்க விரும்புகிறேன் என்று கேட்டார். மனைவி இறந்து ஆண்டுகளாகிவிட்டன. ஏகாம்பரத்தை என்று வாய்வரை வந்தது.

குடும்ப மருத்துவர் தையல் போட்டுவிட்டு உளச்சிகிச்சைக்கு எழுதிக்கொடுத்தார். இங்கே ஒரு வழக்கம் உண்டு. சிகிச்சை தொடங்குமுன் சில அமர்வுகள் ஒத்திகைபோல் நடக்கும். சிகிச்சையாளர் நமக்கு ஒத்து வருவாரா என்று நாம் பார்க்கலாம், ஒத்துவராவிட்டால் வேறொருவரைத் தேடலாம். நோயாளி மருத்துவரைச் சோதித்துப் பார்க்கும் நாடு இது. ஃப்ராவ் கெஸ்லர் என்ற அந்தச் சிகிச்சையாளர் என் மாணவிகளின் வயதுடையவர். முதல் நாளே நான்கு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தார். உங்களை வழிநடத்த வேண்டுமா, நீங்களே வழி சொல்வீர்களா? பழையதைப் பேசலாமா, இன்றையதை மட்டுமா? உணர்ச்சிகளைக் கிளறலாமா? உங்களை மறுத்துப் பேசலாமா? மௌனம் வேண்டுமா? நான் படிவத்தின் குறுக்கே ஒரே வரி எழுதிக் கொடுத்தேன்: தங்கள் விருப்பம்போல். அவர் அதைப் படித்துவிட்டு, மரியாதை புரிகிறது, ஆனால் இதை வைத்துக்கொண்டு தாம் என்ன செய்வது என்று கேட்டார். தங்களுக்கு வேண்டியது என்ன என்று கேட்கப்பட்டவர்கள் பாதியில் எழுந்துபோவது குறைவு என்றும், எழுந்துபோகக் கூடியவன்போல் நான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருப்பதாகவும் சொன்னார்.

அன்று வெளியே வந்து ட்ராமுக்குக் காத்திருந்தபோது நினைவுக்கு வந்தது கும்மிடிப்பூண்டி கடைத்தெருவில் ஒரு சிறு மருத்துவமனை. சில ஆண்டுகளுக்கு முன் நான் ஊருக்குப் போயிருந்தபோது ஏகாம்பரத்துக்குக் கடுமையான காய்ச்சல். நான் அழைத்துப் போனேன். எங்கள் பக்கத்தில் நோயாளி முக்காலியில் உட்காருவான்; நோயைச் சொல்வது உடன் வந்தவரின் வேலை. இரண்டு நாளாகக் காய்ச்சல், இரவில் குளிர், சாப்பாடு இறங்கவில்லை என்று நான் சொன்னேன். மருத்துவரும் என்னைப் பார்த்தே கேட்டார். ஊசியை எடுத்தபோதுதான் தம்பி வாயைத் திறந்தான்.

"சார், ஊசி போடறதா இருந்தா இடுப்புல போடு. கைல போட்டா நாளைக்கி இடுக்கி நிக்காது."

"உங்க தம்பியே டாக்டராய்ட்டாரு சார்" என்று மருத்துவர் என்னிடம் சிரித்தார்.

"டாக்டர் நீதான் சார். கை என்துதானே?" என்றான் ஏகாம்பரம்.

நான் அவனை அதட்டினேன். மருத்துவரிடம் அப்படிப் பேசலாமா என்றேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டு, லுங்கியைத் தளர்த்தித் திரும்பி நின்றான். ஆயிரம் பாகைக்கு மேல் பழுத்த கம்பி உருளையிலிருந்து பாய்ந்து வரும்போது அதன் தலையை இடுக்கியால் கவ்வி அடுத்த உருளைக்குள் திருப்பி விடுவது அவன் வேலை; நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான முறை. அந்தக் கம்பியைப் பற்றி நான் கரும்பலகையில் சமன்பாடுகள் எழுதியவன். தனக்கு வேண்டியதைச் சொல்லத் தெரிந்தவன் எங்கள் வீட்டில் அவன் ஒருவன்தான் என்பது ட்ராம் நிறுத்தத்தில்தான் எனக்கு உறைத்தது.

இரண்டாம் முறை படிவத்தை ஓர் அளவுகோலைச் சரிபார்ப்பவனின் கவனத்தோடு நிரப்பினேன். வழிநடத்துதல்: மிதமாக. வீட்டுப்பாடம்: வேண்டும். மறுத்துப் பேசுதல்: வேண்டாம். உணர்ச்சி: வேண்டாம். தம்பி இறந்த வாரத்தைப் பற்றி மேலே தந்த குறிப்பைத் தாளில் எழுதி இணைத்து, இதற்கு மேல் அந்த வியாழக்கிழமையைப் பற்றிக் கேள்வி கேட்கக் கூடாது என்று தனியாக ஒரு வரியும் சேர்த்தேன். பக்கத்து நகரில் தமிழ் பேசும் சிகிச்சையாளர் ஒருவர் இருக்கிறார், அவரை விரும்புகிறீர்களா என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதினேன். ஜெர்மனில் நான் யாருக்கும் அண்ணன் அல்ல. அம்மொழியில் என்னால் சாவைப் பற்றி ஓர் ஆய்வறிக்கையைப் போலப் பேச முடியும்.

ஃப்ராவ் கெஸ்லர் அந்தப் படிவத்தை மீறவில்லை. ஒன்பது வாரங்கள் மீறவில்லை. தூக்கத்தைப் பற்றிப் பேசினோம், நடைப்பயிற்சியைப் பற்றிப் பேசினோம். வீட்டுப்பாடமாக அவர் கேட்ட குறிப்பேட்டில், குளியலறைக் கதவை உதைத்துப் பிளந்ததையும், ட்ராமில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஓர் இளைஞனின் சட்டையைப் பற்றித் தூக்கி அவன் தலையைக் கண்ணாடியில் மோதியதையும், நேரத்துடன் எழுதிக் கொடுத்தேன். அந்த இளைஞன் என் வயதைப் பார்த்து என்னைத் திருப்பி அடிக்கவில்லை. அது இன்னும் ஆத்திரமாக இருந்தது. அவர் படித்தார். இவற்றுக்கு முன்னால் யாராவது என்னிடம் ஏதாவது கேட்டார்களா என்று மட்டும் விசாரித்தார். ஆம், இருக்கை காலியா என்று ஒரு பெண் கேட்டார் என்றேன். ஃப்ராவ் கெஸ்லர் அத்துடன் நிறுத்திக்கொண்டார். இப்படி வேலி கட்டச் சொன்னால் கட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறவர் என்ன மருத்துவர் என்று எனக்குள் அவர்மேல் ஓர் ஏளனம் வளர்ந்தது. அந்த வேலி இல்லாவிட்டால் இரண்டாம் வாரமே நான் போவதை நிறுத்தியிருப்பேன் என்பதையும் இப்போது நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

பத்தாம் வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தம்பி மனைவி கஸ்தூரி தொலைபேசியில் அழைத்தாள். என்னை மாமா என்றுதான் அழைப்பாள். பாலாஜி சிறையில் இருந்தான். பிணை மனு இரண்டு முறை தள்ளுபடி ஆகியிருந்தது. கூட்டத்தைத் தூண்டிவிட்டவன் அவன் என்று காவல்துறை எழுதியிருந்தது. வழக்கறிஞரைப் பற்றிப் பேசுவாள் என்று நினைத்தேன். திருவள்ளூரில் அரசு மனநலப் பிரிவுக்குப் போய்வந்ததைச் சொன்னாள். ஊர்ச் செவிலியர் கட்டாயப்படுத்தி அனுப்பியிருக்கிறார்.

"அந்தம்மா எடுத்தவொடனே இன்னா வேணும் சொல்லுன்னாங்க மாமா. மொதல்ல கதவ தொறந்து வையின்னேன். ஊட்ல மூடிக்கினு கெடந்து மூச்சு முட்டுது. அளுவாதன்னு மட்டும் சொல்லாதன்னேன். மாத்திரை குட்த்து தூங்க வெச்சிடாதன்னேன். நான் பேசிக்கினே இருப்பேன், நீ நடுவுல பூராதன்னேன். சரின்னு உக்காந்துகினாங்க. ஒரு மணி நேரம்."

ஆறாம் வகுப்பு படித்தவள். எனக்கு நான்கு பக்கமும் இரண்டு வாரமும் தேவைப்பட்டது அவளுக்கு ஒரு மூச்சில் முடிந்திருக்கிறது. நல்லது என்றேன். என்ன பேசினாய் என்று கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"எம்புள்ள உங்கள கேட்டான். நீங்க சொன்னீங்க. நான் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன் மாமா, எங்காதுல வுழுந்துச்சு. போலீஸ்ல நான் சொல்லல. பெரியவரு, நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். இத்தினி நாளா இருக்கேன்."

பிறகு ரயில் வரும் சத்தம் கேட்டது. வைத்துவிட்டாள்.

செவ்வாயன்று ஃப்ராவ் கெஸ்லரிடம் படிவத்தைக் கேட்டு வாங்கினேன். வியாழக்கிழமையைப் பற்றிக் கேட்கக் கூடாது என்ற வரியை ஒரு கோட்டால் அடித்து, நம்மூரில் பத்திரத்தில் திருத்தம் செய்தால் போடுவதுபோல் பக்கத்தில் சிறு கையொப்பம் இட்டேன். நான் இப்போது கேட்கலாமா என்றார். கேட்கச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: அந்த அரை மணியில் நீங்கள் எங்கே நின்றிருந்தீர்கள்?

பிணவறைக் கதவிலிருந்து எட்டடி தள்ளி நின்றிருந்தேன். காலை எட்டரை மணிக்கு வந்திறங்கியதிலிருந்து எல்லாம் என்னைக் கேட்டே நடந்தது. எங்கள் ஊரில் சாவு வீட்டில் மூத்த ஆண் சொல்லாமல் ஒரு துரும்பு அசையாது. ஐஸ் பெட்டி வேண்டுமா? உடலை ஊருக்கு எந்த வழியாகக் கொண்டுபோவது? மேளம் வைப்பதா? ஆலை வாசலில் நிறுத்துவதா? கையெழுத்து யார் போடுவது? கொள்ளி எத்தனை மணிக்கு? பூ எங்கே சொல்வது? ஏழு கேள்விகள். ஊரை விட்டுப்போன எனக்கு எதையும் தீர்மானிக்கும் அருகதை இல்லை என்று நினைத்து, ஏழுக்கும் ஒரே பதில் சொன்னேன்: உங்க இஷ்டம்ப்பா. அது பணிவு என்று எல்லோரும் புரிந்துகொண்டார்கள். ஏழு முறையும் அது பணிவுதான்.

அப்போது தினேஷ் வந்தான். கையில் மாலை. யார் என்று யாரோ கேட்க, ஆலையின் பெயரைச் சொன்னான். பாலாஜி அவன் சட்டைக் கழுத்தைப் பிடித்தான். நாற்பது பேர் இருந்திருப்பார்கள். பாலாஜி அடிக்கவில்லை. என் பக்கம் திரும்பினான்.

"பெரிப்பா, நைனாவ கொன்ட்டு மாலை தூக்கினு வந்துகீறான் பாரு. இவன இன்னா பண்லாம்? நீ சொல்லு."

சற்று முன்தான் உள்ளே போய் உடலை அடையாளம் காட்டியிருந்தேன். துணியை விலக்கியபோது கம்பி நுழைந்த துளையின் விளிம்பு கருகி, சுத்தமாக, வட்டமாக இருந்தது. அந்த அளவுள்ள கம்பியை எத்தனை முறை வரைந்திருக்கிறேன். விடு என்று சொல்லியிருந்தால் பாலாஜி விட்டிருப்பான். தினேஷின் முகத்தைப் பார்த்தேன். முழுக்கவனத்தோடு பார்த்தேன். பிறகு எட்டாவது முறையாகச் சொன்னேன்.

"உங்க இஷ்டம்ப்பா."

முதல் அடி பாலாஜியுடையது, கன்னத்தில். பிறகு யாருடையது என்று பிரிக்க முடியாது. விழுந்தவனைக் கூட்டம் மூடியது. செருப்புக்கால்கள் மட்டும் ஏறி இறங்கின. தாடை முறிந்த ஓசை கேட்டது. காய்ந்த மூங்கில் ஒடிவதுபோல் இரண்டு துண்டாக. கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்த செங்கல்லை ஒருவர் எடுத்தார். எடுப்பதை நான் பார்த்தேன். அது ஓங்கப்படுவதையும் இறங்குவதையும் பார்த்தேன். ஒரு சொல் போதும், அந்தச் சொல் என்னிடம் இருந்தது, நான் அதைச் சொல்லவில்லை. இன்னும் ஒரு முறை இறங்கட்டும் என்று விரும்பினேன். இறங்கியது. கீழே கிடந்த மாலையை யாரோ எடுத்துப் போய்த் தம்பியின் மார்பில் போட்டிருக்கிறார்கள். ஊரில் குளிப்பாட்டும்போதுதான் அதில் இருந்த இரத்தம் தம்பியுடையது அல்ல என்று தெரிந்தது. அன்று மாலை காவல் ஆய்வாளர் என் பதவியைக் கேட்டு எழுந்து நின்று வணங்கினார். சம்பவ நேரத்தில் நான் உள்ளே உடலோடு இருந்ததாகச் சொன்னேன். அப்படியே எழுதிக்கொண்டார். கருமாதிக்குக்கூட இருக்காமல் விமானம் ஏறினேன்.

 ஃப்ராவ் கெஸ்லர், முடிவை நீங்கள் அவர்களிடம்தானே விட்டீர்கள், அடிக்கச் சொல்லவில்லையே என்றார். துயரத்தில் இருப்பவர்கள் பிறர் குற்றத்தைத் தம்மேல் ஏற்றிக்கொள்வதுண்டு என்றும் மென்மையாகச் சொன்னார். அவர் மொழியில் 'உங்கள் இஷ்டம்' என்ற வாக்கியம் பொறுப்பைக் கைமாற்றுகிறது. எங்கள் ஊரில் சாவன்று மூத்தவன் தடுக்காதது ஆணை. அதை நாற்பது பேரும் அறிவார்கள், அவர்களைவிட நன்றாக நான் அறிவேன். இதை அவருக்கு விளக்க மூன்று முறை முயன்றேன். கடைசியில், அது என் வுன்ஷ், நான் விரும்பியது, என்றேன். என் வாழ்நாளில் எனக்கு வேண்டியதைக் கேட்டு ஒரு கூட்டம் அப்போதே கொடுத்தது அந்த ஒரு முறைதான். அவர் என்னை ஆறுதல்படுத்துவதை நிறுத்தினார். மறுத்துப் பேசுதல் வேண்டாம் என்ற வரியையும் அடித்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான், பாலாஜிக்கு இது தெரியுமா என்று அவர் கேட்டார். பாலாஜிக்குத் தெரியும். அவன் யாரிடமும் சொல்லவில்லை. பெரியப்பா பெயரை இழுக்கக் கூடாது என்று வழக்கறிஞரிடம் சொல்லியிருக்கிறான்.

தினேஷிடம் பேசக் கூடாது என்று வழக்கறிஞர் எச்சரித்திருந்தார். பேசினேன். தாடைக்குத் தகடு வைத்திருப்பதால் தொலைபேசியில் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எடுத்து வைப்பவன்போல் பேசினான். நான் யார் என்று சொன்னேன், சொன்னது என்ன என்பதையும் சொன்னேன். பிறகு, ஃப்ராவ் கெஸ்லரிடம் கற்றதைக் கேட்டேன்: என்னிடமிருந்து உங்களுக்கு என்ன வேண்டும்?

"இப்ப கேக்கறீங்க. அன்னிக்கி கேட்ருக்கலாம் சார்."

அவனே தொடர்ந்தான்.

"ஃபைல மட்டும் குட்த்துட்டு வந்துடுன்னுதான் ஆபீஸ்ல சொன்னாங்க. மாலை நானா வாங்கினது. ஏகாம்பரண்ணன் எனக்கு தெரிஞ்சவரு. சேந்த ஒன்றரை மாசத்துல அவர்தான் டெய்லி நாஷ்டா துன்னியான்னு கேப்பாரு."

மன்னிப்பு என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன்.

"அதெல்லாம் எங்கிட்ட வேணாம் சார். நீங்க சொன்னது நாப்பது பேரு முன்னாடி. இதையும் அப்டியே சொல்லுங்க. கோர்ட்ல. அவ்ளோதான் எனக்கு வேணும்."

நான் சொன்னால் பாலாஜியின் மேலிருக்கும் தூண்டியவன் என்ற சொல் இறங்கி என்மேல் ஏறும் என்கிறார் வழக்கறிஞர். பொய் வாக்குமூலம் தனிக் குற்றம். திரும்பி இங்கு வர அனுமதிப்பார்களா என்பது அவருக்குத் தெரியவில்லை. என் விருப்பம் என்ன என்று அவரும் கேட்டார். போகிறேன் என்றேன்.

இன்னும் செய்யாதவை:

ஃப்ராவ் கெஸ்லரின் அடுத்த அமர்வு, செவ்வாய் பத்து மணி. ரத்து என்று சொல்வதா, தள்ளிவைக்கச் சொல்வதா என்று முடிவு செய்யவில்லை.

ரொட்டிக் கடைப் பெண்மணிக்குப் புதிய கண்ணாடித் தட்டு. வாங்கவில்லை.

கஸ்தூரியிடம், நான் வருவதை. சொல்லவில்லை.

பாலாஜிக்குக் கடிதம். தொடங்கவில்லை.

வாக்குமூலம். முதல் வரியில் பெயருக்குப் பின், வசிப்பவன் என்ற சொல்லுக்கு முன், ஊர்ப் பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன். எந்த ஊர் என்று எழுதவில்லை. இரண்டாம் வரி எழுதியாகிவிட்டது: பிணவறைக் கதவிலிருந்து எட்டடி தள்ளி நின்றிருந்தேன்.